முழங்கால் தேய்மானத்துக்கு மருந்தில்லாச் சிகிச்சைகள்: எதற்கு நேரம் ஒதுக்குவது?

முழங்கால் தேய்மானம் என்று சொல்லிவிட்டார்கள். வலி மாத்திரையை எத்தனை நாள்தான் விழுங்குவது என்ற கவலை ஒரு பக்கம். அறுவை சிகிச்சை இப்போதே வேண்டுமா என்ற தயக்கம் இன்னொரு பக்கம். இந்த நடுக்காலத்தில் பிசியோதெரபி என்ற பெயரில் எதிரே வந்து நிற்பவை ஏராளம்: கரன்ட் வைப்பது, அல்ட்ராசவுண்ட், லேசர், ஒத்தடம், மூட்டைக் கையால் அசைத்துவிடுவது, பட்டை, கைத்தடி, செருப்புக்குள் வைக்கும் அட்டை, தண்ணீருக்குள் பயிற்சி, யோகா, தாய் சி, தொடைத் தசைப் பயிற்சி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வதால் எல்லாமே சம பலன் தருபவை என்று தோன்றிவிடுகிறது. அப்படி இல்லை.

வலியோடு இருப்பவருக்கு நேரமும் தெம்பும் அளவாகத்தான் இருக்கும். அதை எங்கே செலவிடுகிறோம் என்பது பெரிய முடிவு. நான் இவற்றை ஒப்பிட வைத்துக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சிகிச்சையை நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகு என் காலில் என்ன மிஞ்சியிருக்கும்? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும்.

முதலில் மூட்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்

எக்ஸ்ரேயைப் பார்த்துத் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையைக் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957இல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. 4ஆம் தரம் என்று கேட்டதுமே பலர் மனதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் படத்தில் தெரியும் தேய்மானமும் ஒருவர் படும் வலியும் ஒன்றுக்கொன்று அவ்வளவாகப் பொருந்துவதில்லை. படம் மோசமாக இருந்தும் சிரமமில்லாமல் படியேறுகிறவர்கள் உண்டு. படம் ஏறக்குறைய நன்றாக இருந்தும் வலியில் தவிப்பவர்களும் உண்டு. வயது 45 அல்லது அதற்கு மேல், நடமாடும்போது வலி, காலையில் விறைப்பு இல்லை அல்லது இருந்தாலும் அரை மணி நேரத்தைத் தாண்டுவதில்லை என்றால் படம் எடுக்காமலே இந்த நோயைத் தீர்மானிக்கலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. வலி வருவது அதற்கு அடியில் உள்ள எலும்பிலிருந்தும், மூட்டின் உள்சவ்விலிருந்தும், சுற்றியுள்ள தசை, தசைநார்களிலிருந்தும்தான். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மூட்டில் வலியோ வீக்கமோ இருந்தால், தொடையின் முன்பக்கத் தசை முழு பலத்தோடு இயங்குவதை நரம்பு மண்டலமே தடுத்து வைக்கும். தசை மெலியும். மெலிந்த தசையால் நடையின் அதிர்வைத் தாங்க முடியாமல் அது மூட்டின் மேலேயே இறங்கும். வலி கூடும், நடப்பது குறையும், தசை இன்னும் மெலியும். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போது உள்ளே போய்வரும் மூட்டு நீரிலிருந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. வலிக்கிறதே என்று காலை அசைக்காமல் வைத்திருப்பது எவ்வளவு கெடுதல் என்பது இதிலிருந்தே புரியும். எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் இந்தச் சுழற்சியை உடைக்கிறதா என்று கேட்க வேண்டும்.

நீங்களே செய்வது: உடற்பயிற்சி

இதற்குத்தான் ஆதாரம் அதிகம். அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் கல்லூரியின் 2019 வழிகாட்டுதலும் நைஸும் பல விஷயங்களில் முரண்பட்டாலும் உடற்பயிற்சியை முதலிடத்தில் வைப்பதில் ஒரே குரலில் பேசுகின்றன. ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 2024இல் அந்த எண்ணிக்கை 139 ஆகிவிட்டது. பல ஆயிரம் பேர், பல நாடுகள்.

கிடைத்த பலனை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். வலியை 0 முதல் 100 வரை அளந்தால், ஒன்றும் செய்யாதவர்களைவிடப் பயிற்சி செய்தவர்களுக்குச் சராசரியாகச் சுமார் 13 புள்ளி குறைகிறது. போலிச் சிகிச்சையோ வெறும் கவனிப்போ பெற்றவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 9 புள்ளிதான். வலி மாயமாகிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இது சராசரி. நன்றாகத் தேறுகிறவர்களும், கொஞ்சமும் தேறாதவர்களும் அதற்குள் அடக்கம். மாத்திரையால் வரும் வயிற்றுப் புண், சிறுநீரகச் சிக்கல் எதுவும் இதில் இல்லை. அப்புறம், இதய நலம், சர்க்கரைக் கட்டுப்பாடு, தூக்கம், விழாமல் நடக்கும் திறன் என்று மூட்டுக்கு வெளியே கிடைப்பவை எதுவும் அந்த 9 புள்ளியில் சேரவில்லை. எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஊசியோடு நேரடியாக மோதவிட்டுப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. அமெரிக்க ராணுவ மருத்துவ அமைப்பில் 156 பேரைப் பிரித்து ஒரு பாதிக்கு ஸ்டெராய்டு ஊசியும் மறு பாதிக்குப் பிசியோதெரபியும் கொடுத்தார்கள். முடிவுகள் 2020இல் வந்தன. வலி, விறைப்பு, அன்றாட வேலைச் சிரமம் மூன்றையும் சேர்த்து 240 வரை போகும் அளவையில் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 107, 109 என்ற அளவில்தான் தொடங்கின. ஒரு வருடம் கழித்து ஊசிக் குழுவின் சராசரி 55.8, பிசியோதெரபிக் குழுவினுடையது 37. குறைந்த எண் என்றால் குறைந்த சிரமம். ஊசி போட்டவர்களும் தேறித்தான் இருக்கிறார்கள். ஆனால் பயிற்சி செய்தவர்கள் அவர்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

சரி, எந்தப் பயிற்சி? இங்கேதான் பலர் வீணாகக் குழம்பி நிற்கிறார்கள். தாய் சி என்ற மெதுவான சீன உடலசைவுப் பயிற்சியை வழக்கமான பிசியோதெரபியோடு ஒப்பிட்டு 204 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வந்தது. 12 வாரத்தில் இரண்டும் சமம். கடினமான எடைப் பயிற்சியா, இலேசானதா என்று 377 பேரை 18 மாதம் கவனித்த ஆய்வு 2021இல் வந்தது. கடினமாகச் செய்தவர்களுக்கு வலியில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த ஆய்வில் வெறும் சுகாதார வகுப்புக்கு வந்த குழுவும் கிட்டத்தட்ட அதே அளவு தேறியிருந்தது. யாரோ ஒருவர் நம்மைக் கவனிக்கிறார் என்பதற்கே ஒரு பலன் உண்டு. அதை மட்டம் தட்டக் கூடாது, அதே சமயம் அதை இயந்திரத்தின் கணக்கிலும் எழுதக் கூடாது.

ஆகவே வகையைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதுவே உங்களுக்குச் சிறந்தது. தொடைத் தசையும் இடுப்புத் தசையும் வேலை செய்தாக வேண்டும், மூச்சு கொஞ்சம் வாங்கும்படி நடையோ சைக்கிளோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தாழ்வான படியில் ஏறி இறங்குவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலை உயர்த்துவது, இந்த நான்கையும் வாரம் இரண்டு மூன்று நாள் ஒழுங்காகச் செய்தாலே நல்ல தொடக்கம். நாற்காலிப் பயிற்சி முதலில் முடியவில்லை என்றால் உட்காரும் இடத்தின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சுலபமாகிவிட்டால் உயரத்தைக் குறையுங்கள். ஒரே அளவில் மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தால் தசைக்கு வளரக் காரணமே இருக்காது.

பயிற்சியின்போது வலித்தால் நிறுத்துவதா என்பது பலரும் கேட்கும் கேள்வி. பிசியோதெரபிஸ்ட்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. வலியை 0 முதல் 10 வரை வைத்துக்கொண்டால் 2 வரை கவலையே இல்லை. 5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அளவைக் குறைக்க வேண்டும். கூடிய வலி அடுத்த நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றால் செய்தது அதிகம் என்று பொருள். பயிற்சியே ஆகாது என்று பொருள் இல்லை. முதல் இரண்டு மூன்று வாரத்தில் வலி சற்றுக் கூடுவது சாதாரணம். பெரும்பாலானோர் கைவிடுவது அந்த வாரங்களில்தான் என்பதால் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நின்றாலே தாங்க முடியவில்லை என்பவர்களுக்குத் தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி நல்ல வாசல். உடல் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் மூட்டின் மேல் விழும் பாரம் வெகுவாகக் குறையும். ஆய்வுகளில் இதற்குத் தெரியும் பலன் சிறியது, குறுகிய காலத்துக்கானது. தெம்பு வந்ததும் தரைக்கு வந்துவிட வேண்டும்.

எடையையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன், பயிற்சியிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து காட்டினார்கள். ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அதிக எடையுள்ள 454 பேரை 18 மாதம் பின்தொடர்ந்த 2013 ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்ந்த குழுவுக்குப் பயிற்சி மட்டும் செய்த குழுவைவிட வலி குறைவாக இருந்தது. எடை சரியாக இருப்பவர்கள் இதை விட்டுவிடலாம்.

உங்களுக்குச் செய்யப்படுவது: இயந்திரங்களும் கைகளும்

படுத்துக்கொண்டால் போதும், வேலையை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்பதால் இந்தப் பிரிவுக்கு ஈர்ப்பு அதிகம். ஆதாரம் அந்த ஈர்ப்புக்கு ஈடாக இல்லை.

கரன்ட் வைப்பது என்று பொதுவாகச் சொல்லப்படும் டென்ஸ் கருவியை எடுத்துக்கொள்வோம். தோலின் மேல் வழியாகச் சிறு மின்துடிப்புகளை அனுப்பி வலிச் செய்தியை மங்கவைப்பது இதன் எண்ணம். அமெரிக்க வழிகாட்டுதல் முழங்கால் தேய்மானத்துக்கு இதை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது. 220 பேரில் பாதிப் பேருக்கு உண்மையான டென்ஸும் மீதிப் பேருக்கு மின்சாரம் வராத போலிக் கருவியும் கொடுத்து நடத்திய ஆய்வு 2022இல் வந்தது. இரு குழுவுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. நைஸ் இன்னும் ஒரு படி மேலே போய் டென்ஸ், அல்ட்ராசவுண்ட், லேசர், இரு மின்னோட்டங்களைக் குறுக்காகச் செலுத்தும் ஐஎஃப்டி என்று மின் சிகிச்சைகளை வரிசையாகப் பெயர் சொல்லியே தேய்மானத்துக்குத் தர வேண்டாம் என்கிறது. லேசர் விஷயத்தில் மட்டும் சரியான அலைநீளமும் அளவும் அமைந்தால் பலன் உண்டு என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் முடியும்வரை காத்திருந்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் கரன்ட் வைத்தவர்களுக்கு நன்றாக இருக்கிறதே, அவர்கள் சொல்வது பொய்யா? நிச்சயமாக இல்லை. இந்த நோயில் வலி ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் சிகிச்சைக்குப் போகிறோம். உச்சத்துக்கு அடுத்து வருவது இறக்கம்தானே? அந்த இறக்கத்தின் பெருமை, அப்போது பக்கத்தில் இருந்த இயந்திரத்துக்குப் போய்விடுகிறது. நம்பிக்கையின் பலமும் சேர்ந்துகொள்ளும். அது எவ்வளவு பெரியது என்பதற்கு 2002இல் அமெரிக்காவில் 180 பேரிடம் நடந்த ஆய்வைப் பாருங்கள். சிலருக்கு மூட்டுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். வலி குறைந்ததில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அறுவை சிகிச்சைக்கே இந்தக் கதை என்றால் இயந்திரத்தை ஜாக்கிரதையாகத்தான் நம்ப வேண்டும்.

நஷ்டம் என்னவென்றால், 10 நாள் கரன்ட் வைத்துவிட்டு வீட்டுக்கு வருபவரின் தொடைத் தசை 10 நாளுக்கு முன்பு இருந்த அதே தசைதான். அந்த நாட்களைப் பயிற்சியில் போட்டிருக்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மின் சிகிச்சை எதையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கையால் மூட்டை அசைத்துவிடுவதும் மசாஜும் கொஞ்சம் வேறு கதை. கைத்தொடுதல் விறைப்பைத் தளர்த்தும், அன்றைக்கு இலகுவாக இருக்கும். ஆனால் தனியாக நின்றால் இது நிலைக்காது; பயிற்சியோடு சேர்த்து மட்டுமே தரலாம் என்பது நைஸின் நிலை. அமெரிக்க வழிகாட்டுதல் பயிற்சியோடு சேர்த்தாலும் கூடுதல் பலன் கிடைக்கும் என்று நம்பவில்லை. ஆனால் மேலே சொன்ன ஊசி ஆய்வில் பிசியோதெரபிக் குழுவுக்குக் கைச்சிகிச்சையும் பயிற்சியும் சேர்த்தே கொடுத்தார்கள். முழங்கால் முழுதாக நீளாமல் மடங்கியே நிற்கிறது என்றால் சில முறை இதற்குப் போவது நியாயம். மற்றவர்கள் மாதக்கணக்கில் தொடர வேண்டியதில்லை.

ஒத்தடத்துக்கு நான் எதிரி இல்லை. விறைப்புக்குச் சூடு, வீக்கத்துக்குக் குளிர்ச்சி, இரண்டும் வீட்டிலேயே ஆகிவிடும். பயிற்சிக்கு முன்பு பத்துப் பதினைந்து நிமிடம் சூடு வைத்தால் கால் இலகுவாக மடங்கும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மங்கியவர்கள் மட்டும் தோல் வெந்துவிடாமல் கவனிக்க வேண்டும்.

பிடித்துக்கொள்வதும் மாட்டிக்கொள்வதும்

கைத்தடிக்கு ஏற்ற மரியாதை கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். அமெரிக்க வழிகாட்டுதல் அழுத்தமாகப் பரிந்துரைக்கும் சிலவற்றில் இதுவும் ஒன்று. வயதாகிவிட்டது என்று பிறர் நினைப்பார்களோ என்ற கூச்சத்தால் பலர் இதைத் தொடுவதே இல்லை. கூசிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே முடங்குவதைவிடத் தடியோடு தெருவில் நடப்பது மூட்டுக்கு எவ்வளவோ மேல். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடது கை. வலிக்கும் காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். பெரும்பாலோர் வலிக்கும் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு தடியால் பயனில்லை என்கிறார்கள்.

பட்டைகளில் இரண்டு வகை. இழுபடும் துணியால் ஆன உறை எலும்பைத் தாங்காது. கதகதப்பும் தைரியமும் தரும். அது போதும் என்றால் மாட்டிக்கொள்ளலாம். மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கால் வளைந்தவர்களுக்குக் கீல் வைத்த கெட்டியான பிரேஸ் உண்டு. தேய்ந்த பக்கத்திலிருந்து சுமையை மறு பக்கம் தள்ளுவது அதன் வேலை. இதில் வழிகாட்டுதல்கள் பிரிகின்றன: அமெரிக்கா அழுத்தமாக ஆதரிக்கிறது, மூட்டு ஆட்டம் காண்பவர்களுக்கும் சுமை கோணலாக விழுபவர்களுக்கும் மட்டும்தான் என்கிறது நைஸ். கனமானது, வேர்க்கும், வாங்கியவர்களில் பலர் மூலையில் போட்டுவிடுவார்கள். ஆகவே போட்டு நடந்து பார்த்து, வலி உடனே தணிகிறதா என்று தெரிந்த பிறகு முடிவு செய்வதே சரி. செருப்புக்குள் வைக்கும் சாய்வு அட்டையைத் தட்டையான அட்டையோடு ஒப்பிட்ட ஆய்வுகளை 2013இல் தொகுத்துப் பார்த்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. அதை விட்டுவிடலாம்.

உங்கள் நிலைக்கு எது?

வலி மிதம், நடக்க முடிகிறது என்றால் பயிற்சியில் நேராக இறங்குங்கள், வேறு எதுவும் தேவையில்லை. வலியால் பயிற்சியே முடியவில்லை என்றால் கைத்தடி, ஒத்தடம், தண்ணீருக்குள் பயிற்சி அல்லது மிதிப்பது இலேசான சைக்கிள், இவற்றைச் சில வாரத்துக்குத் துணையாக வைத்துக்கொண்டு பயிற்சியை நோக்கி நகருங்கள். கால் வளைந்து, நடக்கும்போது மூட்டு பக்கவாட்டில் நழுவுகிறது என்றால் பிரேஸ் பற்றிக் கேளுங்கள். தடுமாற்றமும் விழும் பயமும் இருப்பவருக்குத் தாய் சி பொருத்தம். நிதானமாக எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றப் பழக்குவது அது. தொடைத் தசையை இறுக்கச் சொன்னால் இறுக்கவே வரவில்லை என்பவருக்கு, தசையைத் தூண்டிச் சுருங்க வைக்கும் மின் கருவி கொஞ்ச நாள் கைகொடுக்கலாம். மின் சிகிச்சைகளில் நான் கதவைத் திறந்து வைப்பது இதற்கு மட்டும்தான், அதுவும் தசை விழிக்கும்வரை.

பிசியோதெரபிஸ்டிடம் எத்தனை முறை போவது? டென்மார்க்கில் 2013இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய கிளாட் என்ற திட்டத்தில், நோயைப் பற்றிய விளக்க வகுப்புகளும், வாரம் 2 முறை வீதம் 6 வாரத்துக்குக் கண்காணிப்போடு 12 பயிற்சிகளும் உண்டு. அந்த அளவை ஒரு முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். நேரில் போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். வீடியோ அழைப்பில் பெற்ற பயிற்சி நேரில் பெற்றதற்குக் குறைந்ததில்லை என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2024இல் காட்டியது. எங்கே போனாலும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: எனக்கு எந்தத் தசை பலவீனம், வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும், எப்போது அளவைக் கூட்டுவது? இதற்குப் பதில் சொல்லாமல் இயந்திரத்தின் பக்கம் கை காட்டினால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

முன்னேற்றத்தை வலியை மட்டும் வைத்து அளக்காதீர்கள், அது நாளுக்கு நாள் மாறும். தொடங்கும் முன்பு, கையைக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். 12 வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

எண்ணிக்கையும் கூடவில்லை, வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, நடக்கும் தூரம் சுருங்கிக்கொண்டே போகிறது என்றால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றித் தயங்காமல் பேசுங்கள். டென்மார்க்கில் அதற்குத் தகுதியான 100 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், அறுவையும் செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தேறினார்கள். கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன. அறுவை இல்லாமல் பயிற்சி, எடைக் குறைப்பு முதலியவற்றில் சேர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் அறுவைக்குப் போனவர்கள் 26 சதவீதம்தான். போக நேர்ந்தாலும் அதுவரை ஏற்றிய தசை பலம் வீண் போகாது. அறுவைக்கு முன் தொடைத் தசை வலுவாக இருப்பவர்கள் பிறகு நன்றாக நடக்கிறார்கள்.

முழங்கால் திடீரென்று சிவந்து சூடாகிக் காய்ச்சலும் சேர்ந்தாலோ, மடங்கியபடியே பூட்டிக்கொண்டாலோ, விழுந்த பிறகு ஊன்றவே முடியாமல் போனாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ இந்தப் பட்டியலில் உள்ள எதையும் முயன்றுகொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.